நான் சொல்லாமல் விட்ட பெயர்

தொப்பூர் பக்கத்தில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. எதிரே உட்கார்ந்தவர் ஏரியூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஓர் அக்கா. சர்க்கரை நோய் உள்ளவர். லாரிப் புழுதி வெள்ளைத் துணியில் படியும் என்று ஜன்னல்களை மூடியே வைத்திருப்பார்கள். நான் இருமினால் அந்தக் காற்று நேராக அவர் முகத்தில்தான் படும். இரண்டு மாதம் இருமினேன். "தூசி ஒத்துக்கலக்கா" என்பேன். அவர் எனக்காகச் சுக்குத் தண்ணீர் கொண்டுவருவார்.

சளியைப் பரிசோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த ஊழியர், அவர்களுக்கும் பரிசோதிக்க வேண்டும் என்று என் கணவர், மாமியார் பெயர்களை எழுதிக்கொண்டார்.

"வேலை செய்யற எடத்துல பக்கத்துல உக்கார்றவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"நான் வேலைக்குப் போறதில்லீங்க," என்றேன். கம்பெனியில் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்.

அங்கே மஞ்சள்காமாலை என்று சொல்லி ஒரு மாதம் லீவு போட்டேன். இனிப் பரவாது என்று டாக்டர் சொன்ன பிறகு திரும்பிப் போனேன். அக்கா இளைத்திருந்தார். இருமிக்கொண்டும் இருந்தார்.

"பனி ஒத்துக்கல கண்ணு."

அது பனியால் வந்ததல்ல என்று எனக்குத் தெரியும். தினமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். சாயங்காலம் பஸ் ஏறும்போது நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். அப்படியே தை போய்ப் பங்குனி வந்துவிட்டது.

ஒரு மதியம் அவர் இருமியபோது கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பிரிவில் இருந்த அத்தனை பேர் பெயரையும் அவர் சொல்லிவிட்டார். கம்பெனிக்கே வந்து பரிசோதித்தார்கள். இன்னும் இரண்டு பேருக்கு இருந்தது. என் விஷயமும் அப்போது வெளியே வந்தது. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு பக்க நுரையீரல் பாதிக்குமேல் கெட்டுவிட்டது. நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியதால் அவரே வேலையை விட்டார். ஏரியூருக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பவே சொல்லியிருந்தா சீக்கிரமே போய்ப் பாத்திருப்பேனே கண்ணு," என்றார். பிறகு, "நீ மாத்திரைய முழுசா போட்டு முடிச்சியா?" என்று கேட்டார்.

தலையை மட்டும் ஆட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன்.