கரி பூசிய தம்பி

எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல கறுப்பு. தம்பி மட்டும் எப்படியோ உரித்த வெங்காயம் போல வெள்ளை வெளேரென்று பிறந்துவிட்டான். யாங்கோன் நகரத்துப் பசுந்தாங்கில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் பர்மியப் பெண்கள் அவனைத் தூக்கிக் கொஞ்சாத நாளில்லை. என்னை யாரும் தூக்கியதில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. இருந்தாலும் அவனைக் காப்பாற்ற வேண்டிய வேளை வந்தபோது நான்தான் முன்னால் நின்றேன். இந்தக் கதையை எடுத்தால் அவன் இன்றும் எழுந்து போய்விடுவான்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சினிமா டிஸ்க் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தார். யாரும் சீண்டாத டிஸ்க்குகள் எங்கள் வீட்டுக்கு வரும். அப்படி வந்ததுதான் அந்த ஆஸ்திரேலியப் படம். சண்டையும் இல்லை, டூயட்டும் இல்லை. மாமா போட்டுவிட்டு உட்கார்ந்தவாறே குறட்டை விட ஆரம்பித்தார். அக்கா திரையின் அடியில் ஓடிய பர்மிய எழுத்தை வாசித்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படத்தில் இருந்தவர்கள் எங்களைப் போலவே கறுப்பு. "நம்ம ஆளுங்களாக்கா?" என்றேன்.

"இல்லடி, அந்த நாட்டுத் தைங்யின்தா."

தைங்யின்தா என்றால் மண்ணின் மைந்தர்கள். பர்மாவில் அது பெருமையான சொல். பள்ளிக்கூடச் சுவர்ப் படத்தில் விதவிதமான உடையில் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். எங்களைப் போன்ற முகம் ஒன்றுகூட அதில் கிடையாது. கறுப்பாக இருந்துகொண்டும் தைங்யின்தாவாக இருக்கலாம் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் அங்கே அவர்களைத்தான் படாத பாடு படுத்தினார்கள். அதிகாரிகள் காரில் வந்து வெளுத்த பிள்ளைகளாகப் பார்த்துத் தூக்கிப் போனார்கள், வெள்ளைக்காரர்களாக வளர்ப்பார்களாம். கார் சத்தம் கேட்டதும் ஒரு தாய் அடுப்புக்கரியை அள்ளித் தன் பிள்ளையின் முகமெல்லாம் பூசினாள். கார்க் கதவு திறந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. எந்த இடத்தில் போக வேண்டும் என்று யாங்கோன் கரண்டுக்கு நன்றாகத் தெரியும்.

நான் அழுதேன். அக்கா கடையிலேயே முழுப் படத்தையும் பார்த்தவள். "கரி பூசிட்டால்ல, அவங்களுக்கு அடையாளம் தெரியல. விட்டுட்டுப் போயிட்டாங்க. தூங்கு" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் அந்தம்மா ஒரு கவிதை சொல்லுவா." இருட்டில் அதைத் தமிழாக்கிச் சொன்னாள்:

நிறம் பார்க்க வந்தவரே,
இவன் நடந்த மண்ணைக் கேளும்,
அதற்குத் தெரியும் இவன் பேர்.

பிள்ளைதான் தப்பிவிட்டானே, பிறகு ஏன் இத்தனை துக்கம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தூங்கிப்போனேன்.

அப்போது வீட்டில் அக்காவின் கார்டைத் தவிர வேறு பேச்சில்லை. டாக்டருக்குப் படிக்கத் தேவையான மார்க் வாங்கியிருந்தாள். ஆனால் முழுக் குடியுரிமைக்கான ரோஸ் நிறக் கார்டு கையில் இருந்தால்தான் அந்தக் கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கலாம். விசாரிக்க ஓர் அதிகாரி வீட்டுக்கே வருகிறார் என்று தெரிந்ததும் அம்மா எங்களைப் பர்மியர்களாக்கும் வேலையில் இறங்கினாள். எல்லோர் கன்னத்திலும் பர்மியர்கள் பூசும் தனக்காக் கட்டையை அரைத்து அப்பினாள். முருகன் படத்துக்குப் பக்கத்தில் புத்தர் வந்து உட்கார்ந்தார். "எவளாவது தமிழ்ல வாயத் தொறந்தீங்க, தோலை உரிச்சிருவேன்" என்று தமிழில் சொன்னாள்.

எனக்கோ "அதிகாரி" என்ற சொல்லைக் கேட்டதுமே அந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. கீழே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. தம்பியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

நாங்கள் வெளியே வந்தபோது அதிகாரி தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்திருந்தார். தம்பி தலைமுதல் கால்வரை கரியாக நின்று அவரைப் பார்த்துச் சிரித்தான். அம்மா முகத்தில் தனக்காவுக்குக் கீழே ரத்தமே இல்லை.

"என்ன பாப்பா இது?" என்றார் அவர் பர்மிய மொழியில்.

நானும் அதே மொழியில், மாமா முறை வைத்துச் சொன்னேன்: "இவனைக் கொண்டுபோகாதீங்க ஊலே. இவனும் கறுப்புதான். நாங்க எல்லாருமே கறுப்பு. தைங்யின்தா."

அக்காதான் தட்டுத்தடுமாறி அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் தம்பியின் கன்னத்தைத் துடைத்தார். வெள்ளை எட்டிப் பார்த்தது. "இவன் அம்மாகிட்டயே இருக்கட்டும். நான் யாரையும் கொண்டுபோக வரல பாப்பா" என்றார். அக்காவிடம் என்ன படிக்க ஆசை என்று கேட்டார். அக்கா சொன்னாள். அவர் ஆறிய தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார். நல்ல மனிதர். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கார்டு வேறு நிறத்தில் வந்தது. அம்மா ரொம்ப காலம் என் கரியைத்தான் சபித்தாள். பாவம், வேறு யாரைச் சபிப்பாள்? துறைமுக வேலைக்கு வந்த கொள்ளுத்தாத்தா கப்பலைவிட்டு இறங்கிய அன்றைக்கே முடிவான நிறம் அது. அவர் இங்கேதான் எரிந்தார். தாத்தாவும் அப்பாவும் இங்கேதான் பிறந்தார்கள். அந்த மண்ணை யாரும் கேட்கவில்லை. அக்கா இன்று தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள்.

போன வருஷம் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து முழுதாகப் பார்த்தேன். கார்க் கதவு திறக்கிறது. அதிகாரி இறங்கி வந்து ஈரக் கைக்குட்டையால் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துப் பார்க்கிறார். பிறகு தூக்கிக்கொண்டு போகிறார். அதற்கப்புறம்தான் தாய் அந்தக் கவிதையைச் சொல்கிறாள்.

கார்டு வந்த அன்று அக்கா அடுப்படியில் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய்த் தேற்றினேன்: "ஏன்க்கா அழுவுற? அவருதான் ஒண்ணையும் கொண்டுபோகலையே."

அக்கா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஆமாடி, ஒண்ணையும் கொண்டுபோகல" என்றாள்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. தம்பியைக் கூட்டிக்கொண்டு விளையாடப் போனேன்.