மைசூருக்குக் கொண்டுபோன நீலச் சாயம்

காலை 5.50. ஹனூர் பேருந்து நிலையத்தில் மைசூர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. எண்பத்தைந்து கிலோமீட்டர் பயணம். கர்நாடக அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை; ஆதார் அட்டையைக் காட்டினால் பூஜ்யம் என்று அச்சடித்த சீட்டு கிடைக்கும். என் கணவருக்கு மட்டும் நூற்றுப்பத்து ரூபாய்.

"வேலைக்குப் போறது நீ, காசு குடுக்கறது நானாக்கும்" என்றபடி அவர் சன்னலோரம் உட்கார்ந்தார்.

மைசூரில் ஒரு பெரிய தனியார் பள்ளிக்கு உயிரியல் ஆசிரியை தேவை. நேர்காணலோடு ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மாதிரிப் பாடமும் எடுத்துக் காட்ட வேண்டும். தலைப்பு, செல்லின் அமைப்பும் வேலையும். வேலை கிடைத்தால் மைசூருக்கே குடிபோய்விடலாம் என்பது என் ஆசை. ஹனூரில் மஞ்சள் வியாபாரம் செய்யும் அவருக்கு அதில் துளியும் விருப்பமில்லை. எனக்கு வேலை கிடைக்காமல் போனால் ஆறுதல் சொல்ல ஆள் வேண்டுமே என்றுதான் கூடப் போவதாக, என் அம்மாவிடமே சொல்லியிருந்தார்.

காலை 7.30, டி. நரசிபுரா. நடத்துநர் எங்கள் இருக்கைக்கருகே குனிந்து, நெஞ்சு வலிக்கிறதா என்று கணவரைக் கன்னடத்தில் கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். கணவருடைய வெள்ளைச் சட்டையில், இதயம் இருக்கும் பக்கம், உள்ளங்கையளவு நீலம். செல்லுக்கு நிறமேற்றும் மெத்திலின் நீலம் அது. பைக்குள் வைத்தால் கவிழ்ந்துவிடும் என்று, சீசாவைக் கைக்குட்டையில் சுற்றி அவர் சட்டைப்பையில் நான்தான் வைத்திருந்தேன். மூடியை இறுக்கியதும் நான்தான். சீசா காலி. கைக்குட்டை முழுக்க நனைந்திருந்தது.

8.40, மைசூர். வேறு சட்டை வாங்கலாமென்று கடைத்தெரு இருக்கும் தேவராஜ மொஹல்லாவுக்கு நடந்தோம். துணிக்கடைகள் திறக்கவில்லை, மார்க்கெட் மட்டும் திறந்திருந்தது. பாடத்துக்கு எனக்கு ஒரே ஒரு வெங்காயம் வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். அதிலுள்ள செல்லைக் காட்டப் போகிறேன் என்றேன். தன் கடை வெங்காயத்தில் அப்படிப் பூச்சி எதுவும் கிடையாது, வேண்டுமானால் நறுக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் கோபித்துக்கொண்டார். ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டுதான் சமாதானமானார்.

பள்ளி ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது. கணவரின் சட்டையைப் பார்த்த ஓட்டுநர், இரண்டு அறை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார். வியாபாரிக்கு வாய் சும்மா இருக்குமா? இருபதாயிரம் ஆகும் என்று இவரும் சொல்லிவைத்தார்.

10.30, பள்ளி ஆய்வகம். முதல்வர், ரயில்வே வேலைக்காக மைசூர் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். சரித்திர ஆசிரியராக இருந்தவர். என்னிடம் தமிழில்தான் பேசினார். பேச்சில் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை 'அல்வா' வந்தது. கன்னடத்தில் அதற்கு 'இல்லையா' என்றுதான் பொருள். இருந்தாலும் வேலை கேட்டுப் போன இடத்தில் அந்தச் சொல் காதுக்கு இதமாக இல்லை.

வெங்காயத் தோல் மானம் காத்தது. செங்கல் அடுக்கியதுபோல் செல்கள், ஒவ்வொன்றுக்கும் சுவர். மாணவர்கள் வரிசையாக வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அடுத்து மனிதச் செல். அதற்குச் சாயம் வேண்டும். பள்ளியின் சீசாவோ என்றைக்கோ காய்ந்து போயிருந்தது. வேறு வழியில்லாமல் வரவேற்பறையிலிருந்து கணவரை வரவழைத்தேன். அவர் கைக்குட்டையைப் பிழிந்து இரண்டு சொட்டுக் கொடுத்தார். முதல்வர் முன்னால் வாயைத் திறக்க எந்தப் பிள்ளையும் முன்வராததால், கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியால் லேசாகச் சுரண்டக் கணவரே வாயையும் திறந்தார்.

பதற்றத்தில், சொட்டின் மேல் மெல்லிய கண்ணாடி வில்லையைச் சட்டென்று போட்டு மூடிவிட்டேன். முதல்வர் முதல் ஆளாகக் குனிந்தார்.

"நியூக்ளியஸ் எவ்ளோ பெரிசா இருக்கு. சுத்தி கருப்பா வட்டம், தெளிவா தெரியுது அல்வா?"

நானும் பார்த்தேன். தடித்த கருப்பு விளிம்பு, நடுவே வெறும் வெளிச்சம். காற்றுக் குமிழி. எட்டு வருஷமாக, அதைச் செல்லென்று வரைந்த பிள்ளைகளுக்கெல்லாம் நான் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். தலையாட்டினால் வேலை கிடைக்கும். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது காத்துக் குமிழிங்க சார். செல்லு இல்லீங்க."

ஒரு மாணவி சிரிப்பை இருமலாக்கினாள். நான் கண்ணாடித் தகட்டை நகர்த்தித் தேடினேன். கசங்கிய காகிதம்போல் வெளிர்நீலமாக ஒன்று அகப்பட்டது. நடுவே இருக்கும் கருநீலப் புள்ளிதான் நியூக்ளியஸ், செல்லின் வேலைகளை நடத்துவது அது என்றேன். ஓரத்திலுள்ள மெல்லிய சவ்வு, எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று பார்த்துக்கொள்கிறது. வெங்காயத்துக்கு இருக்கும் சுவர் நமக்குக் கிடையாது என்றும் சொன்னேன்.

முதல்வர் மறுபடி குனிந்து பார்த்தார். "அப்ப இத்தனை வருஷம் எக்ஸிபிஷன்ல நான் பாத்ததெல்லாம்?"

"தெரியலீங்க சார்."

பின்னாலிருந்து கணவர், தானும் பார்க்கலாமா என்று கேட்டார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒருநாளும் அவர் மைக்ராஸ்கோப் பக்கம் வந்ததில்லை. குனிந்தவர் நிமிரவில்லை.

"இது நானாக்கும்?"

"உங்க கன்னத்துச் செல்லுங்க."

"இந்த மாதிரி எத்தன இருக்கும்?"

உடம்பு முழுக்க முப்பது லட்சம் கோடிக்கு மேல் என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

பிற்பகல் 2.15க்குத் திரும்பும் பேருந்து. காவிரிப் பாலத்தை நெருங்கும்போது முதல்வர் போனில் அழைத்தார். ஜூன் மாதம் வந்து சேர்ந்துகொள்ளலாம். முதல் வேலையாகக் குமிழி விழாமல் வில்லையால் மூடுவது எப்படி என்று தனக்குச் சொல்லித்தர வேண்டும் என்றார். கணவரிடம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். மைசூரின் அகலமான சாலைகளும் நிழல்மரங்களும் பிடித்துப்போயிருந்தன எனக்கு. ஹனூரில் இறங்கியதும் இதெல்லாம் கனவுபோலாகிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

"ஏம்புள்ள, அவரு மொகத்துக்கு நேரா சொல்லிப்போட்டியே. வேல போயிருந்தா?"

"போயிருக்குமுங்க."

மாலை 4.00, கொள்ளேகால். வண்டி பத்து நிமிஷம் நின்றது. தேநீர் குடிக்க இறங்கினோம். இரண்டாம் வாய் குடித்ததும் கணவர், மைசூரில் இரண்டு அறை வீடு என்ன வாடகைக்குக் கிடைக்கும் என்று கடைக்காரரைக் கேட்டார். கொள்ளேகாலில் தேநீர் ஆற்றுபவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கடைக்காரரும் கொஞ்சமும் தயங்காமல் ஒரு தொகை சொன்னார்.