பாசி தின்னும் மீன்

போன வாரம் விருதுநகரில் ஒரு வண்ணமீன் கடையில் அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பதினொரு மீன்கள். பாசி ஏறிவிட்டதால் மூன்றைத்தான் எண்ண முடிகிறது. எண்ண முடியாத பொருள் வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

கண்ணாடியில் வாயை ஒட்டிக் கிடந்த கறுப்பு மீனைக் கடைக்காரர் காட்டினார். “டேங்க் கிளீனர், அண்ணாச்சி. ஒண்ணு போதும், பாசி அம்புட்டையும் வழிச்சிரும்.”

“எம்புட்டு வளரும்?”

முழங்கையைத் தொட்டுக் காட்டினார். “பெரிசாச்சுன்னா கண்மாயில விட்டுருங்க.”

கண்மாய் என்றதும் பேச்சியம்மாளின் தூக்குவாளி நினைவுக்கு வந்தது. சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் கணக்கு எழுதிய காலம். தீப்பிடித்தால் அணைக்க அறைக்கு அறை சிமெண்டுத் தொட்டி, மொத்தம் பதினான்கு. வெயிலில் பாசி பிடிக்கும். தேய்ப்பது அங்கே வேலை செய்த பெண்கள். உருப்படிக்குக் கூலி என்பதால், தேய்க்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. அவர்களில் ஒருத்தியான பேச்சியம்மாள், ஊர்க் கண்மாயிலிருந்து சேல்கெண்டைக் குஞ்சுகளைத் தூக்குவாளியில் கொண்டுவந்து விட்டாள். “நாம ஒரசுறத அது திங்கட்டும்.”

தின்றது. இரண்டு மாதம் யாரும் தேய்க்கும் தேங்காய் நாரைத் தொடவில்லை. பிறகு ஆளாளுக்கு மீனுக்குச் சோறு போட்டார்கள். மீன் பெருத்தது, கழிவும் பெருத்தது, தண்ணீர் முன்பைவிடப் பச்சை. போர்மேன் கத்தினார்: “தீப்பிடிச்சா தண்ணி மோப்பீகளா, மீன் பிடிப்பீகளா? சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணுங்க!”

குழம்பு வைக்கலாம் என்றாள் ஒருத்தி.

“ஏட்டி, மருந்துத் தூசி விழுந்த தண்ணி. தின்னேன்னா இந்தத் தீவாளிக்கு நீதான் வெடி,” என்றாள் பேச்சியம்மாள்.

அன்று மாலை ஒவ்வொரு தூக்குவாளியிலும் மீன். பெண்களை வீட்டில் விடப் போன கம்பெனி வண்டி, மீனைத் திரும்ப விடுவதற்காகக் கண்மாய்க் கரையில் நின்றது. மறுநாள் எல்லோர் கையிலும் தேங்காய் நார்.

கடைக்காரரிடம் டேங்க் கிளீனர் வேண்டாம் என்றேன். விரல் நீளத்துக்கு மேல் வளராத மோலி நான்கு வாங்கினேன். பாசியைக் கொறிக்குமாம், மீதியை நானே தேய்க்க வேண்டுமாம். “ஒரு மீனுக்கு இம்புட்டு யோசனையா?” என்று சிரித்தார்.

யோசிக்காமல் என்ன செய்வது? சென்ற மாதம் ஒரு துக்கத்துக்குப் போன வழியில் பேச்சியம்மாளின் ஊர்க் கண்மாயைப் பார்த்தேன். கரையில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். என்ன மீன் என்று கேட்டேன்.

“டேங்க் கிளீனர். வாங்க ஆளில்ல, வலையத்தான் கிழிக்குது. மத்த மீன் முட்டையெல்லாம் இதுக்குத்தான் இரை.”

கரையில் கிடந்தவற்றை எண்ணினேன். பதினேழு. சேல்கெண்டை ஒன்றுகூட இல்லை.