விசாவுக்காக நான் கட்டிய இரண்டு பொட்டலங்கள்

நம் அம்மனைக் கும்பிடும் குடிகள் எல்லோருக்கும் இதை எழுதக் கை கூசுகிறது. போன பங்குனியில் என் அப்பா சாகக் கிடந்தார். நோய் அவருடையது. அவரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுத்தது என் பொய்.

சிங்காநல்லூரில் எங்களுக்கு ஒரு சின்னப் பம்ப் பட்டறை. அப்பா முதலாளி. நான் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு அவருக்குக் கீழே வேலை. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் மாட்டுகிற புட்வால்வைப் புது மாதிரியாக வரைந்து, யாரையும் கேட்காமல் மேற்கு ஜெர்மனியில் ஒரு பம்ப் சங்கத்துக்கு அனுப்பியிருந்தேன். தை மாதம் பதில் வந்தது. சித்திரையில் பம்ப் உற்பத்தியாளர்களின் மூன்று நாள் மாநாடு, வந்து பேசு என்று அழைப்பு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரமே மதராஸ் போய் ஜெர்மன் துணைத் தூதரகத்தில் விசாரித்தேன். குமாஸ்தா நல்ல மனுஷர். மூன்று வழி இருப்பதாகச் சொன்னார். ஊர் சுற்றிப் பார்க்கும் விசா சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு மாநாட்டில் உட்காரக் கூடாது. வேறு நாட்டுக்குப் போகிற வழியில் இறங்கிச் செல்லும் விசா இரண்டு நாளுக்குமேல் செல்லாது. எனக்குப் பொருந்துவது வியாபார விசா. அதற்கு, இவன் எங்கள் ஆள், செலவும் திரும்பி வருவதும் எங்கள் பொறுப்பு என்று முதலாளி கையெழுத்துப் போட வேண்டும்.

“டூரிஸ்ட்னு எழுதிட்டு அங்க போய் மேடையேறிடாதீங்க தம்பி. அப்புறம் படம் வரையறதெல்லாம் ஜெயில் சுவத்துலதான்” என்று சிரித்தார்.

அப்பா லேசில் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை.

“ஏஞ்சாமி, நம்ம புட்வால்வு இல்லாம சீமைக்காரன் தண்ணியெறைக்காம காஞ்சு கெடக்கறானா?” என்றார். பிறகு, அம்மனிடம் பூக் கேட்டுப் பார்ப்போம் என்று முடித்துவிட்டார்.

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காக இந்த வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. கேட்கிற வீட்டார் கட்டிக் கொடுக்க வேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தக் காரியத்தை விட்டுவிட வேண்டும். மற்றதைப் பிரிக்காமல் வாய்க்காலில் விட்டுவிடுவார்கள்.

கோபிசெட்டிபாளையம் தாண்டி நம் கோயிலுக்குப் போனோம். பொட்டலம் கட்டும் வேலை எனக்கு வந்தது. படித்தவன் அல்லவா, யோசித்தேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் வாழ்க்கையை அதில் விடுவதா? இரண்டிலும் வெள்ளை அரளியை வைத்துக் கட்டினேன். சிவப்பை மடியில் சொருகிக்கொண்டேன். வெள்ளை வந்தது. வராமல் என்ன செய்யும்.

அப்பாவுக்குப் பல வருடமாகக் குடலிறக்கம். வார்ப்பு இரும்பைத் தூக்கித் தூக்கி வந்தது. மாசியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்:

“எனக்கு ரெண்டு கேள்வி இருந்துச்சு கண்ணு. நீ போலாமான்னு ஒண்ணு. கத்திக்குப் போகாம நான் இருந்துக்கலாமான்னு ஒண்ணு. ரெண்டையும் நெனச்சுத்தான் கும்புட்டேன். வெள்ளை குடுத்துப்போட்டா.”

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கையெழுத்து வேண்டுமே.

மறுநாள் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பினார். நான் பாஸ்போர்ட், அம்மைத் தடுப்பூசிச் சான்று, அந்நியச் செலாவணி அனுமதி என்று அலைந்து எல்லாம் வாங்கினேன். பங்குனியில் மதராஸில் மனுக் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலை விசா முத்திரை விழும் என்றார்கள்.

வியாழக்கிழமை மதியம் லாட்ஜுக்குத் தந்தி வந்தது. அக்காவின் கணவர், என் மச்சான், கொடுத்தது. அப்பா அபாயம், உடனே வா.

தந்தியோடு தூதரகத்துக்கு ஓடினேன். குமாஸ்தா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். அதிகாரி நாளைக்குத்தான் வருவார், அவர்முன் நான் நேரில் நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துக்கொண்டால் மனு ரத்து. மறுபடி கொடுத்தால் மாநாட்டுக்குள் கிடைக்காது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். தாயே, உன் பேரில் பொய் சொன்னவன் நான். விசா வேண்டாம். நான் உண்மையைச் சொல்லும்வரை அவரை விட்டுவை. சொல்லுகிற தைரியத்தையும் நீயே கொடு. இவ்வளவுதான் கேட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளிடம் உண்மையாக ஒன்றைக் கேட்டேன்.

முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டேன். குமாஸ்தா தெருமுனைவரை வந்து ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை கோயமுத்தூர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா வயிறு வீங்கிக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. குடல் சிக்கி அழுகத் தொடங்கிவிட்டது, மதியத்துக்குள் கத்தி வைக்காவிட்டால் பிழைக்கமாட்டார் என்றார் டாக்டர். ஆனால் அப்பா முந்தின நாளிலிருந்து சம்மதக் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயாச்சும் சொல்லு கண்ணு. அம்மன் வெள்ளை குடுத்திருக்கா, எனக்கொண்ணும் ஆகாதுன்னே சொல்லிட்டுக் கெடக்கறாரு.”

அக்கா, மச்சான், அம்மா எல்லோரும் சுற்றி நின்றார்கள். என் வாய் எப்படித் திறந்ததென்று இன்றும் எனக்குத் தெரியாது.

“அப்பா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதானுங்க இருந்துச்சு. நாந்தான் அப்படிக் கட்டினேன்.”

மச்சான் கையை ஓங்கிவிட்டு இறக்கினார். அப்பா என்னையே பார்த்தார்.

“அப்ப அவகிட்ட நாம கேக்கவே இல்லியா கண்ணு?”

“இல்லீங்கப்பா.”

கண்ணை மூடினார். ஓரத்திலிருந்து ஒரு சொட்டு காதுப்பக்கம் ஓடியது. பிறகு காகிதத்துக்குக் கை நீட்டினார். நான் பேனாவைக் கொடுத்தேன். அதை வாங்கவில்லை. மச்சானிடம் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

குடலில் ஒரு சாண் வெட்டி எடுத்தார்கள். பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறியிருக்கும் என்றார் டாக்டர்.

ஜெர்மனியில் மாநாடு நடந்த மூன்று நாளும் நான் அப்பாவின் புண்ணுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னோடு பேசவில்லை. வேண்டியதை அம்மாவிடம் சொல்வார். அம்மா என்னிடம் சொல்வாள். வைகாசியில்தான், பட்டறைப் பக்கம் காதை வைத்து, “அந்த லேத்துச் சத்தம் செரியில்ல, போய்ப் பாரு” என்றார். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அவரால் இனிக் கனம் தூக்க முடியாது. கொஞ்சம் குனிந்துதான் நடக்கிறார். மச்சான் இன்றும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

ஆனாலும் அம்மன் நான் கேட்டதைக் கொடுத்தாள். நான் போய்ச் சேரும்வரை அவரை வைத்திருந்தாள், என் வாயைத் திறந்தாள். இப்போது அவள்முன் நிற்கும்போது என்ன பதில் வருமோ என்று பயந்துகொண்டுதான் நிற்கிறேன். அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்ததற்கும் நன்றி சொல்கிறேன்.

உங்களில் யாராவது முடிவை நீங்களே எடுத்துவிட்டு, அவள் சொன்னாள் என்று வீட்டாரை நம்பவைத்திருந்தால், இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். அவமானப்படுவீர்கள். அடிகூட விழலாம். அவளை நம்பிச் சொல்லுங்கள், அவள் கூட நிற்பாள். இதை எழுதும்போது அடுத்த அறையில் அப்பா இருமுகிறார். தண்ணீர் வேண்டும் என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.