சந்நிதிக்கு நேர்ந்த தலை

பிள்ளையின் இரண்டு கைகளிலும் பழைய தலையணை உறையில் தைத்த பைகளை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிட்டுத்தான் நாகேஸ்வரி அடுப்படிக்குப் போவாள். உலையை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பையன் ஒன்றைப் பல்லால் கழற்றி, தலையைப் பிறாண்டி, நகமெல்லாம் இரத்தமாக உட்கார்ந்திருப்பான். அவள் ஏசமாட்டாள், அடிக்கவும் மாட்டாள். "கழட்டிப்போட்டியே ராசா" என்று மட்டும் சொல்லி, விரல்களைத் துடைத்து மறுபடி கட்டுவாள். விடிந்தால் பொழுதுபடும்வரை இதே வேலைதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வந்து அடுத்த வளவில் வாடகைக்கு இருக்கிற எனக்குப் பார்த்துப் பார்த்தே அலுத்துவிட்டது.

மயிலிட்டியில் எல்லோருக்கும் தெரிந்த தலை அது. பையனுக்கு ஒன்றரை வயது. தலை முழுக்கக் கரப்பன். செதிலாகத் தொடங்கி, சீழ் வைத்து, காய்ந்து, இனி மாறிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி சீழ் வைக்கும். காதை மூடி வளர்ந்த முடி அதனோடு ஒட்டிச் சடையாகிக் கிடக்கிறது. வேப்பிலை அவித்த தண்ணீர், பரியாரியார் காய்ச்சித் தந்த எண்ணெய், ஆஸ்பத்திரி ஊதா மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. வருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போகிறார்கள். பூசுகிறவள் அவள் ஒருத்திதான்.

பத்தியமும் அவளுக்குத்தான். பிள்ளை இன்னும் பால் குடிக்கிறான். தாய் தின்பது பாலில் இறங்குமாம். அதனால் இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய் எதையும் அவள் தொடுவதில்லை. கரை முழுக்க மீன் காய்கிற ஊரில் சோறும், மிளகு சீரகம் அரைத்துக் காய்ச்சிய சரக்குத் தண்ணியுமாக எலும்பாகிப் போனாள். "நான் நண்டு திண்டது எப்ப எண்டு நண்டுக்கே மறந்திருக்கும், மாஸ்டர்" என்பாள். சிரிக்கவும் மாட்டாள்.

எனக்கு அந்த ஊதா மருந்திலேயே எரிச்சல். முடிக்கு மேலே பூசினால் முடிதானே ஊதாவாகும்? முதலில் மொட்டையடித்துவிட்டுப் பூசு என்று ஒருநாள் வேலிக்கு மேலால் கத்தியே விட்டேன்.

"அது என்ரை முடியில்லை, மாஸ்டர். சந்நிதியான்ரை" என்றாள்.

பிறந்த கையோடு பிள்ளை மூச்செடுக்காமல் கிடந்தபோது, அவள் கணவன் சோமசேகரம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு நேர்ந்திருக்கிறான். பிள்ளை பிழைத்தால் அவனைத் தன் மடியில் வைத்து, திருவிழாவில் முதல் முடி இறக்குவேன் என்று. பிள்ளை பிழைத்தான். போன ஆவணித் திருவிழா நேரம் சோமசேகரத்தின் தாய் இறந்து துடக்காகி, கோயிலுக்குப் போக முடியாமல் போய்விட்டது. இந்த ஆவணிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அவனோ முல்லைத்தீவுக் கரையில் வாடி அடித்துத் தங்கி மீன்பிடிக்கிறான். திருவிழாவுக்குத்தான் வருவான்.

"இஞ்சை நான் கத்தரியை எடுத்தா, அங்கை அவர் கடல்லை நிக்கிறார். ஏதும் நடந்தா நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

இதைச் சொல்லும்போதும் அவள் குரல் உயரவில்லை. 

போன கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கழுத்தில் நெறி கட்டிவிட்டது. பாலுக்கும் தலை திரும்பவில்லை. இருவரையும் பஸ்ஸில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் சடையை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

"உந்த முடியை முழுக்க எடுத்தாத்தான் சீழை வெளியிலை விடலாம், அம்மா. நாளைக்கே எடுத்துப்போட்டுக் கொண்டுவாங்கோ."

"ஆவணி மட்டும் பொறுக்கேலாதே, ஐயா?"

"ஆவணிக்குப் பிள்ளை இருக்கவேணுமெல்லோ."

நல்ல மனுசன்தான், மழுப்பிப் பேசத் தெரியாது. திரும்பும்போது பஸ் தெல்லிப்பழை தாண்டியதும் அவள் கேட்டாள்: "சாமிக்குக் கோபம் வந்தா ஆரிலை வரும், மாஸ்டர்? நேர்ந்தவரிலையோ, வெட்டினவளிலையோ?"

பத்துப் பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சைவ சமயமும் படிப்பிக்கிறேன். தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

"வெட்டினவளிலை வந்தாப் பறவாயில்லை" என்றாள். நெருப்பாகக் கொதிக்கிற பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முடி வெட்டுகிற இளையதம்பிக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து, தலையைப் பார்த்து, கொண்டுவந்த பையைத் திறக்காமலே முற்றத்தில் நின்றார்.

"உது சந்நிதிக்கு நேர்ந்த தலையெல்லோ, பிள்ளை? தேப்பன் மடியிலை வைச்செல்லோ இறக்கவேணும்? எனக்கேன் அந்தப் பழி?"

நாகேஸ்வரி பிள்ளையை, வேலியோரம் வந்து நின்ற என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது புருசனின் நீலக் கட்டம் போட்ட சாரத்தைச் சேலைக்கு மேலால் சுற்றி, ஆம்பிளைகள் கட்டுவதுபோல இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். முற்றத்தில் கிழக்குப் பார்த்து, தொண்டைமானாறு இருக்கிற பக்கமாகச் சம்மணமிட்டு இருந்தாள். பிள்ளையை வாங்கி அந்தச் சாரத்தின் மேல் இருத்தி, தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தேப்பன் வைச்சிருக்கிறார், அண்ணை. எடுங்கோ."