நாற்பது வினாடியில் அணைந்த ஆட்டோபைலட்

அந்த டாக்டர் முதன்முதலாக என்னை அழைத்தபோது நான் பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கடையில் ஏணிமேல் நின்று கேமரா பொருத்திக்கொண்டிருந்தேன். தென்காசியில் எனக்குக் கடை. கம்ப்யூட்டர் பழுது பார்ப்பேன், கேமரா மாட்டுவேன். கீழே மூட்டை இறக்கும் சத்தத்தில் அவர் பேசியது பாதிதான் கேட்டது.

"தம்பி, வீட்டுல இருந்தே பிளேன் ஓட்டுத செட்டு நீரு வச்சிருக்கீராமே? நானும் ஒண்ணு வச்சிருக்கேன். ஆட்டோபைலட்தான் மக்கர் பண்ணுது. ஒரு எட்டு வந்து பாப்பீரா?"

என்னைத் தவிர இந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் இந்தப் பைத்தியம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நிஜ விமானத்தில் நான் ஏறியது இரண்டே முறை. ஆனால் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர், மூன்று திரை, விமானத்தின் ஸ்டீரிங்கைப் போன்ற ஒரு கைப்பிடி, காலுக்கு இரண்டு மிதி என்று சேர்த்து எட்டு வருடமாகச் சிமுலேட்டர் ஓட்டுகிறேன். அதைப் பார்த்து என் மனைவி இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன்.

அவர் பல் டாக்டர். தென்காசியில் இருபத்தெட்டு வருடம் கிளினிக் நடத்தியவர். இடுப்பு வலி தாங்கவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று மூடிவிட்டார். வீடு குற்றாலத்தில், ஐந்தருவி போகும் சாலையில் இருந்தது. சீசன் தொடங்கிவிட்டதால் வேன்களுக்கு நடுவே பைக்கை நுழைத்துப் போய்ச் சேர அரை மணி நேரமானது. சாரலில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவருடைய மனைவி துண்டு கொடுத்து, மாடிப்படியைக் காட்டினார்.

மாடி அறையில் நான் முதலில் பார்த்தது, கிளினிக்கில் நோயாளிகள் சாய்ந்து படுக்கும் அந்த நாற்காலியைத்தான். அதை அப்படியே கொண்டுவந்து விமானி இருக்கையாக்கியிருந்தார்.

"எத்தன பேரு இதுல பயந்து உக்காந்திருப்பான். இப்பம் நான் உக்காருதேன்," என்று சிரித்தார். "பெடலை மிதிச்சா ஏறும், இறங்கும். இதவிட நல்ல சீட்டு எவன் குடுப்பான்?"

திரைகளுக்குக் கீழே அந்த ஆட்டோபைலட் பேனல் இருந்தது. ஒரு முழ நீளப் பெட்டி. வேகத்துக்கு ஒரு திருகு, திசைக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று, நடுவில் சில பொத்தான்கள். இந்த உயரத்தில், இந்தத் திசையில் போ என்று திருகில் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டால், அதன்பிறகு விமானம் தானே போகவேண்டும். அவருடைய பேனல் பழைய சிமுலேட்டருக்காகச் செய்யப்பட்டது. மகள் வெளிநாட்டிலிருந்து வந்தபோது புதிய சிமுலேட்டரையும் அதற்கு ஒரு பெரிய விமானத்தையும் வாங்கிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்துதான் தகராறு.

முதல் கோளாறு எளிது. உயரத் திருகை ஒரு படி திருப்பினால் திரையில் எண் இரண்டு படி ஏறியது. பேனலோடு வந்த மென்பொருளும் திருகைக் கவனிக்கிறது, சிமுலேட்டரும் தன் பங்குக்குக் கவனிக்கிறது. ஒருவர் சொன்னதை இருவர் செய்கிறார்கள். சிமுலேட்டரின் பட்டியலிலிருந்து அந்தப் பேனலை நீக்கியதும் சரியானது.

இரண்டாவது அவ்வளவு லேசில் மசியவில்லை. பேனலில் ஆட்டோபைலட் பொத்தானை அழுத்தினால் பேனலில் விளக்கு எரியும், விமானத்தில் ஒன்றும் நடக்காது. எல்லா விமானத்துக்கும் பொதுவான கட்டளையைத்தான் பேனல் அனுப்பும். அந்தப் புதிய விமானத்தைச் செய்தவர்கள் பொதுக் கட்டளையை மதிப்பதில்லை. தங்களுக்கென்று தனிப் பெயர்கள் வைத்திருந்தார்கள். நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிறிய நிரலைப் போட்டு, ஒவ்வொரு பொத்தானுக்கும் உரிய பெயரைத் தேடி எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. முடித்து அழுத்தியபோது பேனலிலும் விமானத்திலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. டாக்டர் கைதட்டினார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், கீழேயிருந்து என்ன ஆச்சு என்று குரல் கொடுத்தார்.

"பேனலுக்குத்தான் கோட்டி பிடிச்சிருக்கு. எனக்கு ஒண்ணுமில்ல," என்று அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். எனக்கு ஒண்ணுமில்ல என்றதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே போன் வந்தது. ஆட்டோபைலட் போட்டு நாற்பது வினாடிக்குள் தானாக அணைந்துவிடுகிறதாம். சில சமயம் பத்து வினாடியிலேயே.

நான் போய் ஓட்டிப் பார்த்தேன். திருவனந்தபுரத்திலிருந்து ஏறி, மலையைத் தாண்டி, மதுரை வரைக்கும் ஆட்டோபைலட் அசையவில்லை. அவரை உட்கார வைத்தேன். மலையைத் தொடுவதற்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்து அணைந்தது. மறுபடி நான் உட்கார்ந்தேன், அணையாமல் நின்றது. அவர் உட்கார்ந்தார், அணைந்தது.

"ஆளு பாத்து வேல செய்யுதே, வே," என்றார்.

இது எங்கள் தொழிலில் சாதாரணம். வாடிக்கையாளர் கையில் வராத கோளாறு நம் கையில் வரும், நம் கையில் வராதது அவர் கையில் வரும். நான் வழக்கமான வரிசையில் போனேன். கேபிளை மாற்றினேன். தனி மின்சாரம் உள்ள இணைப்புப் பெட்டி வைத்தேன். கம்ப்யூட்டர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வசதியை அணைத்தேன். பேனலை முழுக்கக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னேன். பேனலே இல்லாமல், திரையில் உள்ள பொத்தானை அழுத்தினாலும் அணைந்தது. ஆக, பேனல் குற்றவாளி இல்லை.

மிஞ்சியது கைப்பிடி. ஆட்டோபைலட் ஓடும்போது விமானி கைப்பிடியைத் திருப்பினால், அவர் தானே ஓட்ட விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு ஆட்டோபைலட் விலகிவிடும். கைப்பிடிக்குள் இருக்கும் மின்தடைச் சக்கரத்தில் ஈரமும் தூசியும் சேர்ந்தால், யாரும் தொடாதபோதும் தொட்டதுபோல் சமிக்ஞை போகும். குற்றாலத்தில் ஆனி மாதம் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? அந்த வீட்டில் தீப்பெட்டி கூட நமத்துப் போயிருக்கும். கைப்பிடியைக் கடைக்குக் கொண்டுவந்து, பிரித்து, சுத்தம் செய்து, இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. திரும்பப் பொருத்தினேன். அணைந்தது.

கடைசியாக, கைப்பிடி அனுப்பும் எண்களை அப்படியே கோடாகப் பதிவு செய்யும் ஒரு நிரலைப் போட்டுவிட்டு, அவரை ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னேன். பதிவை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து விரித்துப் பார்த்தேன்.

சில இடங்களில் கோடு தட்டையாக இருந்தது. சில இடங்களில் சின்னச் சின்ன அலை. மின்கோளாறாக இருந்தால் தாறுமாறாகக் குதிக்கும். இது குதிக்கவில்லை. வினாடிக்கு ஐந்து, வினாடிக்கு ஐந்து என்று ஒரே சீராகப் போனது. ஓட்டும்போது அவரைப் படம் பிடித்திருந்தேன், எந்தப் பொத்தானை எப்போது அழுத்துகிறார் என்று தெரிவதற்காக. படத்தையும் கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலது கை கைப்பிடிமேல் சும்மா இருக்கும் இடத்தில் அலை. கையை எடுத்து மடியில் வைத்தால் தட்டை. இடது கையால் பிடித்தால் அப்போதும் தட்டை.

வீட்டுக்குப் போய் என் கையை வைத்தும் ஒரு பதிவு எடுத்தேன். அலை இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவ்வளவு நன்றாகவும் இல்லை.

நான்கு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். ஐந்தாம் நாள் அவரே அழைத்தார்.

"என்ன தம்பி, கோட்டப் பாத்தீரா? சத்தத்தையே காணோம்?"

"பாத்தேன் சார். நேர்ல வாரேன்."

அன்று மழை இல்லை. மாடியில் மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பதிவை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.  அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். விரல் வைத்து அலைகளை எண்ணினார்.

"அஞ்சு," என்றார்.

"ஆமா சார்."

"கேபிள் கோளாறு இல்ல."

"இல்ல சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, ஏதோ நோயாளியின் கதையைச் சொல்வதுபோல் சொன்னார். "கிளினிக்க மூடினது இடுப்பு வலியால இல்ல, தம்பி. வாய்க்குள்ள விட்டுப் பாக்க ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும் பாத்தீரா? அது ஒரு நாளு பல்லுல டிக்கு டிக்குன்னு தட்டுது. படுத்திருந்தவரு, டாக்டர் எந்தப் பல்லுல வலின்னு தட்டிப் பாக்காருன்னு நெனச்சிக்கிட்டு, 'இது இல்ல சார், அடுத்த பல்லு'ங்காரு. நான் தட்டவேயில்ல. அந்த மாசமே மூடிட்டேன்."

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"காட்டல. காட்டினா பேரு வச்சிருவான்." வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "பேனலு மக்கர் பண்ணுதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ரெண்டு கோளாறும் பேனல்லதான் இருந்துச்சு. மூணாவதும் அதுலதான் இருக்கும்னு நெனச்சேன்." நான் எழுந்தபோது சொன்னார்: "கீழ அவ கேப்பா. பேனலுதான்னு சொல்லிரும்."

கீழே இறங்கினேன். அக்கா காப்பியோடு நின்றார்.

"சரியாயிட்டா தம்பி?"

"இன்னும் கொஞ்சம் வேல இருக்குக்கா," என்றேன். பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் டம்ளரைக் கொடுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார். "நீங்களும் எத்தன வயருதான் மாத்துவீங்க? அவுக இடது கையால காப்பி குடிக்க ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆவுது. சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆவுதுன்னு ரூமுக் கதவப் பூட்டிக்கிடுதாவ. நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா ஒடஞ்சி போயிருவாவளோன்னு கேக்காம இருக்கேன்."

எனக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் கிடையாது. கம்ப்யூட்டர் பார்க்க வந்தவன். காப்பியைக் குடித்தேன், டம்ளரைக் கழுவுமிடத்தில் வைத்தேன், செருப்பைப் போட்டேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மாடிக்குப் போனேன்.

"சார், அக்காவுக்குத் தெரியும். ரெண்டு வருசமாத் தெரியும்," என்றேன்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டினார். அதை எழுத வேண்டாம். நான் கிளம்பி வந்துவிட்டேன். இனி கூப்பிட மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் கடை வாசலில் வந்து நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார், கார் ஓட்டுவதை விட்டுவிட்டாராம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தக் கோட்ட ஒரு பேப்பர்ல எடுத்துத் தாரும். நாளைக்கு ரெண்டு பேரும் திருநெல்வேலிக்கு நரம்பு டாக்டரப் பாக்கப் போறோம்."

நல்ல தாளில் எடுத்துக் கொடுத்தேன். நரம்பு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இதை எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தீர்கள் என்று கேட்டாராம். தென்காசியில் கேமரா மாட்டும் கடையில் என்று இவர் சொல்ல, அவர் நம்பவில்லையாம். நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று. மாத்திரையும் கொடுத்தாயிற்று. காலையில் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, மூன்று மணி நேரம்போல் கை நடுக்கம் நன்றாக அடங்கியிருக்கிறது என்று அக்கா போனில் சொன்னார்.

ஆட்டோபைலட்டை நான் பிறகுதான் சரி செய்தேன். கைப்பிடியின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடவும், பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஆட்டோபைலட் அணையவும் அந்த விமானத்தின் அமைப்பிலேயே இரண்டு இடங்கள் இருந்தன. இரண்டு நிமிட வேலை. அமைப்புப் பட்டியலின் மூன்றாம் பக்கத்தில், கொஞ்சம் கீழே. தானாக அணைகிறது என்று அவர் சொன்ன முதல் நாளே அது என் கண்ணில் பட்டிருந்தால், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வந்திருப்பேன். நல்ல மெக்கானிக் என்ற பெயரும் கிடைத்திருக்கும். இதைப் பற்றி அவரிடம் நான் பேசியதில்லை.

போன மாதம் மறுபடி போனேன். ஐப்பசி மழையில் அறைச் சுவரில் பூஞ்சை பிடித்திருந்தது. டாக்டர் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அக்கா உட்கார்ந்து, கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, இறங்குவதற்கு முன் செய்யவேண்டியவற்றை ஒவ்வொன்றாக வாசித்தார். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆச்சு" என்றார். தூத்துக்குடி ஓடுபாதை தெரிந்ததும் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையாலேயே இறக்கினார். கொஞ்சம் இடது பக்கமாக, கொஞ்சம் அழுத்தமாக இறங்கியது.  அவர் திருவனந்தபுரத்துக்குத் திசையை வைக்கத் திருகைத் திருப்பினார், அக்கா நோட்டில் முதல் பக்கத்துக்குப் போனார்.