ஹீற்றர் பெட்டிக்குள்ள கிடந்த பின்னல்

இதக் கதையெண்டு வாசிக்காதீங்க. போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, சாய்ந்தமருதில, என்ட கராஜில எனக்கு நடந்தது. பேய் நடுச்சாமத்திலதான் வரும் எண்டு ஆர் சொன்ன? நல்ல வெயில். ரோட்டில கல்முனை பஸ் ஓடுது. அந்த நேரத்திலதான் வந்திச்சி.

என்ட பேர் சியாம். வாகனங்களுக்கு வயர் வேலை செய்யிறவன். முன்னுக்கே ஒண்டு சொல்லிடுறன், எனக்கு அருவருப்புக் கூட. சோத்தில ஒரு முடி கிடந்தாப் போதும், கோப்பையத் தள்ளிட்டு எழும்பிடுவன். என்ட பொஞ்சாதி மர்ஷூதா இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இப்ப சிரிக்கிறல்ல.

கார், ஷரிபுதீன் ஹாஜியார்ட. 1958ம் ஆண்டு மொறிஸ் மைனர். அவர்ட மனுசி சுஹறா மௌத்தாகி எட்டு மாசம். அண்டையிலிருந்து கார் கொட்டிலுக்குள்ள சும்மா நிண்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை ஹாஜியாருக்கு ரெண்டாங் கலியாணம். பொண்ணு ஆரு? மர்ஷூதாட சாச்சி மகள், என்ட மச்சினி ஷாஹினா. இருபத்தஞ்சு வயசு. உம்மா வாப்பா ரெண்டு பேரும் இல்ல. எங்கட பக்கம் மாப்பிளதான் பொண்ணு வீட்டுக்குப் போற. வீடில்லாத பொண்ணக் கேட்டு ஆரும் படியேறுறல்ல. இந்த மனிசன், வீடு வேணாம், நான் என்னோட கூட்டிப் போறன் எண்டார். எனக்குப் புடிக்கல்ல. ஆனா வாயத் துறந்தா அந்தப் புள்ளைக்கு வேற வழி காட்டோணுமே. பேசாம இருந்திட்டன்.

பொண்ண ஏத்தினாக் கண்ணாடியெல்லாம் மூடோணும், ஆரும் பார்க்கப்படாது. மூடினா உள்ளுக்கு வேகும். அதுக்குத்தான் ஹீற்றர் வேலை. சிரிக்காதீங்க. வெள்ளக்காரன் குளிருக்குப் போட்ட பெட்டி அது. சுடுதண்ணிக் குழாயக் கழட்டி விட்டா, அதிலுள்ள விசிறி வெளிக்காத்த உள்ளுக்குத் தரும். பழைய கார் வச்சிருக்கிற எங்கட ஆக்கள் இப்படித்தான் ஓடுற. இந்தக் காரில விசிறி இறுகிப் போய்க் கிடந்தது.

பின்னேரம் 3.50. கதவத் துறந்தன். குப்பெண்டு ஒரு நாத்தம்... செத்த எலி எண்டு நினைச்சன். மூக்கில துணியக் கட்டி, மல்லாக்கப் படுத்து, முன் தட்டுக்குக் கீழ இருந்த பெட்டியக் கழட்டினன். மோட்டர இழுத்தன். வரல்ல. குறட்டால நெம்பி இழுத்தன்.

தண்டில முடி.

ஒண்டு ரெண்டு இல்ல. கை மொத்தத்தில ஒரு பின்னல். விசிறித் தண்டச் சுத்தி இறுகிக் கிடந்தது. நுனியில வெள்ளத் துணிக் கிழிசலால ஒரு முடிச்சு. சீ! குறட்டாலதான் புடிச்சன். அப்பயும் சளி மாதிரி ஏதோ மணிக்கட்டில வழிஞ்சது.

ஈரம்... எட்டு மாசம் கொட்டிலுக்குள்ள நிண்ட காரில என்ன ஈரம்?

கழிவெண்ணெய் வாளிக்குள்ள எறிஞ்சன். பெற்றோலால கைய ரெண்டு தரம் கழுவினன். தண்டுக்கு எண்ணெய் விட்டுத் திருப்பினன், லேசாச் சுத்திச்சி. காத்து வாற குழாயையும் பார்த்தன். வாயில கம்பி வலை, ஓட்டையில்ல. எலிக்குஞ்சும் பூர ஏலா. எல்லாத்தையும் பூட்டி சுவிச்சப் போட்டன்.

4.35. கிர்ர்ர்... ஓடிச்சி. ரெண்டு நிமிஷம்.

டக்.

திரும்பக் கழட்டினன். இன்னொரு பின்னல். அதே மொத்தம், அதே வெள்ளக் கிழிசல். இந்த முறை இன்னும் ஈரம். சொட்டுச் சொட்டா என்ட நெஞ்சில விழுந்தது. வெளிய ஓடிப் போய்ச் சத்தி எடுத்தன். வாயக் கழுவிட்டு நிமிர்ந்தாத்தான் மூக்குக்கு விளங்கிச்சி. அந்த நாத்தத்துக்குள்ள வேறொரு மணமும் கிடந்தது.

கற்பூரம். வாப்பா மௌத்தாகி, அவர்ட மையத்தக் குளிப்பாட்டின அண்டைக்கி என்ட கையில மணத்த அதே மணம்.

அப்பயே விட்டிருக்கோணும். விடல்ல. ஆறு மணிக்கு ஹாஜியார் வாறார். நாளைக்கிக் கலியாணம்.

5.20. பூட்டினன். சுவிச்சப் போடல்ல. வயரக் கூடக் கொழுவல்ல.

உள்ளுக்கிருந்து சத்தம்.

சலக்... சலக்...

கோப்பையால தண்ணி மொண்டு ஊத்துற சத்தம். மெதுவா. ஒருத்தர் ஒருத்தரக் குளிப்பாட்டுற மாதிரி.

சலக்...

நிண்டது.

5.31. திரும்பக் கழட்டினன்.

மூணாவது.

ஓதினன். அதையும் வாளிக்குள்ள போட்டன். சுவிச்சப் போட்டா விசிறி நல்லா ஓடிச்சி. நிக்கவேயில்ல.

6.05. ஹாஜியார் வந்தார். குளிச்சு, அத்தர் பூசி. நாத்தம் அவருக்குப் பட்ட மாதிரித் தெரியல்ல.

"உள்ளுக்கு என்ன கிடந்த?"

"எலிக்கூடு, ஹாஜியார்."

ஏன் பொய் சொன்னனெண்டு இண்டைக்கும் தெரியா. அந்த மனிசன் என்னப் பார்த்தார்.

"எத்தின?"

"மூணு."

தலைய ஆட்டினார். எங்க போட்ட எண்டு கேட்டார். வாளியக் காட்டினன். எட்டிப் பார்க்கல்ல. வாளியோட தூக்கி டிக்கியில வைக்கச் சொன்னார். வச்சன். பள்ளியில மஃரிபு பாங்கு சொல்லக்க கார் போயிட்டு.

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. அதே காரில, கண்ணாடி மூடி, ஷாஹினா போனா.

நான் மூணு நாளாச் சோறு தின்னல்ல. கோப்பையப் பார்த்தா அந்த ஈரம்தான் கண்ணுக்குள்ள. ஞாயிற்றுக்கிழமை காலைல மர்ஷூதா பயந்து போய், றஹீமா மாமியக் கூட்டி வந்தா, ஓதிப் பார்க்க. ஊரில பொம்புளைகள்ட மையத்தக் குளிப்பாட்டுறது அந்த மாமிதான். நான் எல்லாத்தையும் சொன்னன். பின்னல் மூணு எண்டதும் மாமிட கையில உருண்ட தஸ்பீஹ் மணி நிண்டிட்டு.

ஆம்புளைகளுக்கு இது தெரியா எண்டா மாமி. எனக்கும் தெரியாமத்தான் இருந்தது. பொம்புள மையத்தக் குளிப்பாட்டி முடிஞ்சதும், தலைமுடிய மூணு பின்னலாப் பின்னி முதுகுக்குப் பின்னால விடுவாங்களாம். மறுகாதான் கபன் எண்ட வெள்ளத் துணியால சுத்துறயாம்.

"அப்ப அது சுஹறாக்கு நீங்க பின்னினதா, மாமி?"

மாமி வாசலப் பார்த்தா. மையத்தில கண்டதக் குளிப்பாட்டினவ வெளிய சொல்லப்படாது. எட்டு மாசம் அவ சொல்லல்ல.

"அந்தப் புள்ள இப்ப அந்த வீட்டில இரிக்கிறதாலதான் சொல்றன்" எண்டா. "நாங்க பின்னல்ல, வாப்பா. பின்னுறதுக்கு அவட தலையில முடி இரிக்கல்ல. ஆரோ ஒட்ட வெட்டிக் கிடந்தது."

நான் உடனே ஷாஹினாக்குப் போன் எடுத்தன். சந்தோசமாத்தான் கதைச்சா. சுகமா இரிக்கன் எண்டா. ஹாஜியார் தங்கமான மனிசனாம். ஒரு வேலையும் செய்ய விடுறல்லயாம். ராவைக்கி அவரே தலைக்குத் தண்ணி வார்த்து, துவட்டி, பின்னி விடுறாராம்.

"எத்தின பின்னல், புள்ள?"

வெக்கத்தோட சிரிச்சா.

"மூணு, மச்சான்."